கவிழ்த்த பானைக்குக் கீழே ஒரு சீமைப்பலா

என் மகள் ஜெர்மனிக்குப் படிக்கப் போய் இரண்டு மாதம் ஆகியும் அவளுடைய சான்றிதழ் ஒன்று சிதம்பரத்தை விட்டு நகரவில்லை. வாங்காமலே விமானம் ஏறிவிட்டாள். “அம்மா, ஒரு எட்டுப் போய் வாங்கி அனுப்பிடேன்” என்று வீடியோவில் கொஞ்சினாள். கோயம்புத்தூரிலிருந்து சிதம்பரம் ஒரு எட்டு இல்லை என்பது ஜெர்மனியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அவள் அங்கே படித்த நான்கு வருடமும் அவளுடைய அப்பாதான் போய் வந்தார். எனக்கு அந்தப் பக்கமே புதிது. ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் லீவு போட்டேன்.

நான் பள்ளியில் தாவரவியல் பாடம் எடுக்கிறவள். வீட்டு மாடியில் தோட்டமும் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஒரு வியாதி வரும். எந்த ஊர்த் தோட்டத்தில் கால் வைத்தாலும் கை சும்மா இருக்காது. என் கைப்பையில் சின்ன மடக்குக்கத்தி, பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டுத் துணி எப்போதும் இருக்கும். எங்கள் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் இப்படித்தான். கல்யாண மண்டப வாசலில் ஒரு குரோட்டன்ஸ், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மணி பிளாண்ட். கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது, திருடி வைத்தால்தான் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை எங்களுக்குள் உண்டு. அது அபத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமல் ஒடிப்பவர்களுக்கு அதைவிட வசதியான நம்பிக்கை கிடையாது.

முதல் நாளைக் கடலூருக்கு ஒதுக்கியதற்கும் இந்தக் குழுதான் காரணம். அங்கே ஒரு பழைய கப்பல் வியாபாரியின் வீட்டை மியூசியமாக்கி வைத்திருக்கிறார்கள், உள்ளே இருப்பதைவிட வெளியே தோட்டம் பிரமாதம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். வீட்டின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மேலே படித்தால் ஏன் என்று புரியும்.

கடலூரில் இறங்கியதும் பொங்கலும் வடையும் சாப்பிட்டேன். பொங்கல் நன்றாகத்தான் இருந்தது, மிளகு தாராளம். தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்கு, லேசாக உப்புக் கரித்தாலும் முகத்தைச் சுளிக்கும். ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த வெள்ளக்காரன் ஊட்டுக்கா? அங்க இன்னாம்மா இருக்குது, பழைய கட்டிலும் நாற்காலியும்.”

“தோட்டம் பார்க்கணுங்க.”

“தோட்டம் பாக்கணும்னா பண்ருட்டிப் பக்கம் போங்க. பலா, முந்திரின்னு கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மரந்தான். டிக்கெட்டும் கெடையாது.”

ஆனாலும் கொண்டுபோய் விட்டார். வாசலிலேயே ஒரு பலகை: செடிகளைப் பறிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும். நான் அதைப் படித்தேன். இந்த மாதிரிப் பலகைகள் மற்றவர்களுக்காக எழுதப்பட்டவை என்ற எண்ணத்தில் உள்ளே போனேன்.

வீடு ஆற்றைப் பார்த்து நிற்கிறது. என் இரண்டு கையையும் விரித்தால்தான் சுவரின் கனத்தை அளக்க முடியும். உத்தரம் எல்லாம் தேக்கு. பச்சை அடித்த பலகை ஜன்னல்கள், கயிறு இழுக்கிற விசிறி, ஓட்டை விழுந்த தகரக் குளியல் தொட்டி. வியாபாரியின் மனைவி படத்தில் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆவணி வெயிலில் அந்தப் படத்தைப் பார்க்கும்போதே எனக்கு வேர்த்தது. வியாபாரி எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் ஒரு கன்று கொண்டுவந்து நடுவாராம். அதைப் பெரிய எழுத்தில் பெருமையாக எழுதி மாட்டியிருந்தார்கள். யாரைக் கேட்டுக் கொண்டுவந்தார் என்று எழுதவில்லை. நான் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்கு இறங்கினேன்.

குழுவில் சொன்னது சரிதான். நாகலிங்க மரத்தில் அடியிலிருந்து முடிவரை பூ. விசிறிவாழை மாடி உயரத்துக்கு நிற்கிறது. மனோரஞ்சிதம் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே வாசனை வருகிறது. ஒரு பெண் சேலைக்கு மேல் ஆண்சட்டை போட்டுக்கொண்டு சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் லூர்துமேரி, இந்தத் தோட்டத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை என்று பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது.

நான் டீச்சர் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் பாடமும் எடுத்தேன். அவர் கவாத்து செய்த ஒரு செம்பருத்தியைக் காட்டி, “வெட்டின இடத்தை இப்படித் திறந்து விடக்கூடாது கண்ணு. ஈர மண்ணைக் குழைச்சு அப்பணும். இல்லாட்டி அழுகிப்போகும்” என்றேன். நான் சொல்வதற்கு முன்பே செழித்து நின்ற செடி அது. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“நீங்க படிச்சவங்க மேடம். நான் சொம்மா கைப்பழக்கத்துல செய்றேன்.”

“மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னு கூப்பிடு.”

“சரிக்கா. உங்களுக்கு எது வேணும்னாலும் கேளுங்க. விதை இருக்குது, பதியன் போட்டது இருக்குது.”

மனோரஞ்சித விதை நாலைந்தைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். என் எண்ணை வாங்கிக்கொண்டு, கொடிச்சம்பங்கி பதியன் வேர் விட்டதும் கூரியரில் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு சாப்பிடப் போனார். எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன ஆளிடம் நான் செய்த காரியத்தைத்தான் இனி சொல்ல வேண்டும்.

தோட்டத்தின் தெற்கு மூலையில் பெரிய மரம் ஒன்று இருந்து விழுந்த இடம். அறுத்த அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதிலிருந்து பத்தடி தள்ளி, அடி உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். குனிந்து ஓட்டைக்குள் பார்த்தேன். ஒன்றரைச் சாண் உயரத்தில் ஒரு முளை. பப்பாளி இலைபோல வெட்டு வெட்டான இலை, ஆனால் தோல்போலத் தடிப்பு. சீமைப்பலா. கொட்டை இல்லாத பலா. விதையே கிடையாது என்பதால் வேரிலிருந்து முளைத்தால்தான் அடுத்த மரம். பாடத்தில் எத்தனையோ தடவை படம் வரைந்திருக்கிறேன். வேரோடு ஒட்டி முளைத்ததை இப்போதுதான் நேரில் பார்த்தேன்.

பானையைக் கவிழ்த்து வைத்திருந்தால் யாரோ பாதுகாக்கிறார்கள் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. கோவை நர்சரிகளில் சொல்லி வைத்தால் கேரளாவிலிருந்து இதே கன்றை வரவழைத்துக் கொடுப்பார்கள். அதுவும் தெரியும். ஆனாலும் பானையைத் தூக்கினேன். மண்ணைத் தோண்டி, முளைக்கு இரண்டு பக்கமும் தாய்வேரைச் சாய்வாக வெட்டி எடுத்தேன். குழாயடியில் துணியை நனைத்துச் சுற்றி, கவரில் போட்டு, பைக்குள் வைத்தேன். மண்ணை மூடி, பானையைப் பழையபடி கவிழ்த்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வெளியே வரும்போது நெஞ்சு படபடத்தது. வெட்கத்தால் இல்லை, சந்தோஷத்தால்.

சிதம்பரம் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்காமலே என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊரிலும் இந்தப் பழக்கம் உண்டு, ஆனால் பையைக் கொடுத்தால்தான் வாங்குவார்கள். இவர் பிடுங்கியே விட்டார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த இலையைப் பார்த்து, “செடியா? கசங்காம புடிச்சிக்கிறேன், நீங்க கம்பியப் புடிங்க” என்றார். புதுச்சத்திரம் தாண்டி டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் நின்றோம். அந்த அம்மா பையைக் கீழே வைக்கவே இல்லை. சேத்தியாத்தோப்பில் மகளைப் பார்க்கப் போகிறாராம். “செடி வெக்கிறவங்க மனசு நல்ல மனசு” என்று என்னிடமே சொன்னார். நானும் சிரித்து வைத்தேன்.

லாட்ஜில் முளையைக் குளியலறை மக்கில் நிறுத்தி, இலைகளைப் பாதியாக நறுக்கினேன். இலை குறைந்தால் நீர் போவது குறையும். படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ‘கடலூர் வேட்டை’ என்று தலைப்பும் கொடுத்தேன். ‘அக்கா கைராசிக்காரி’, ‘எனக்கும் ஒண்ணு’ என்று வந்து குவிந்தது. திருப்தியாகத் தூங்கினேன்.

இரண்டாம் நாள் காலை பல்கலைக்கழகத்தில் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தேன். நாளைக்குக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும். மிளகும் சீரகமும் நெய்யில் பொரிந்த சாதம், அதன் மேல் புளிப்பும் காரமுமான கொத்சு. எங்கள் பக்கத்தில் அரிசிம்பருப்புச் சாதத்துக்கு ஈடு இல்லை என்று சொல்லித் திரிந்தவள் நான். இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது போன் வந்தது.

“அக்கா, நான் லூர்துமேரி. சாப்டீங்களா?”

“சாப்பிட்டுட்டே இருக்கேன். சொல்லு கண்ணு.”

“ஒன்னு கேக்கணும். நேத்து நீங்க தோட்டத்துல போட்டோ எடுத்தீங்க இல்ல? தெக்கால ஒரு பானை கவுத்து வெச்சிருந்தேன். அந்தப் பக்கம் எடுத்தீங்களா?”

“எதுக்கும்மா?”

அவர் சொன்னார். அந்த மூலையில் இருந்தது சீமைப்பலா மரம். 2011-இல் அடித்த ‘தானே’ புயலுக்கே தப்பித்த மரம், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாதாரண மழையில் சாய்ந்துவிட்டது. இடம் காலியாகக் கிடக்கிறது, கல் பதித்துக் கார் நிறுத்த விடலாம் என்று மேனேஜர் முடிவு செய்தார். வேரில் உயிர் இருக்கிறது, முளைக்கும் என்று லூர்துமேரி சொன்னதை அவர் நம்பவில்லை. இவரே வேரைத் தேடித் தேடிக் கீறி விட்டு, இரண்டு மழைக்காலம் காத்திருந்து, ஒரே ஒரு முளை வந்தது. மேனேஜரிடம் காட்டலாம் என்று இருந்தபோது அவர் பத்து நாள் வெளியூர். நேற்று சாயங்காலம் வந்ததும் கூட்டிக்கொண்டு போய்ப் பானையைத் தூக்கினால் உள்ளே ஒன்றும் இல்லை.

“முளையே வரல, கல்லு போடக் கூடாதுன்னு கதை வுடுறன்றாருக்கா. திங்கக்கெழம கல்லு பாவுறதுக்கு ஆளு வராங்க. இத்தினி வருசத்துல ஒரு நாளு அவரு என்னைப் பொய்க்காரின்னு சொன்னதில்ல. உங்க போட்டோவுல ஒரு ஓரத்துல முளை தெரிஞ்சாக்கூடப் போதும். அதைக் காட்டிடுவேன்.”

கொத்சு என் விரலில் காய்ந்தது. லாட்ஜ் மக்கில் அது நின்றுகொண்டிருந்தது. அதன் படம் என் காதில் ஒட்டியிருந்த போனுக்குள்ளேயே இருந்தது.

“இல்ல கண்ணு. நான் அந்தப் பக்கமே வரலையே” என்றேன்.

“சரிக்கா. நீங்க சாப்புடுங்க” என்று வைத்துவிட்டார்.

கண்ணு என்று வேறு சொன்னேனே என்பதுதான் முதலில் உறைத்தது. பொய்யைக்கூட அப்படி ஆசையாகச் சொல்ல எனக்கு வந்திருக்கிறது. சாதத்தை அப்படியே விட்டு எழுந்தேன். பரிமாறிய பெரியவர், “ஏம்மா, காரம் ஜாஸ்தியா?” என்று கேட்டார். நான் கை கழுவப் போனேன்.

அறைக்குப் போய்க் குழுவில் இருந்த படத்தை அழித்தேன். அதற்குள் நாலு பேர் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். முளை தலை தொங்கியிருந்தது. தண்ணீர் மாற்றினேன், ஜன்னல் ஓரம் வைத்தேன், மறுபடி உள்ளே வைத்தேன். பிள்ளைகளிடம் எத்தனை தடவை பூவைப் பறிக்காதே என்று கத்தியிருப்பேன், எத்தனை பேரை வெயிலில் நிறுத்தியிருப்பேன். சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். சிதம்பரம் வரை வந்துவிட்டுப் பார்க்காமல் போகக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். கூட்டத்தோடு நின்றேன், நகர்ந்தேன், வெளியே வந்தேன். நிமிர்ந்து பார்த்துக் கும்பிட முகம் இல்லை எனக்கு.

மூன்றாம் நாள் காலை சான்றிதழ் கைக்கு வந்தது. அதை வாங்கின கையோடு கடலூர் பஸ் ஏறினேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் திட்டம் வேறு. டிக்கெட் வாங்கி உள்ளே போய், லூர்துமேரி சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, முளையைப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, பானையைக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவது. பிறகு போன் செய்து, நன்றாகப் பாரம்மா, அங்கேயேதான் இருக்கும் என்று சொல்வது. படித்தவள் போட்ட திட்டம்.

பானைக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் கவரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர்தான். கையில் துடைப்பம்.

“நான்தான் எடுத்தேன் லூர்து. மன்னிச்சிரு” என்றேன்.

அவர் உட்கார்ந்து முளையை வாங்கினார். இலை எல்லாம் கருத்துச் சுருண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தால் தண்டைச் சுரண்டிப் பார்த்தார். பச்சை இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே சுரண்டினார். அங்கேயும் இல்லை.

“தெரியும்க்கா” என்றார்.

“என்ன தெரியும்?”

“நீங்கதான்னு. முந்தாநேத்தே மண்ணை நோண்டிப் பாத்தேன். வெட்டுன வேருல ரெண்டு பக்கமும் ஈர மண்ணைக் குழைச்சு அப்பி வெச்சிருந்திச்சி. திருடிக்கினு போறவன் எவன்கா மருந்து போட்டுட்டுப் போவான்?”

மண் அப்பியது எனக்கு நினைவே இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

“அப்புறம் ஏன் போன்ல அப்படிக் கேட்டே?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்.” அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

“மேனேஜர்கிட்ட நானே சொல்றேன்” என்றேன்.

“வாங்க” என்று முன்னால் நடந்தார்.

மேனேஜர் முப்பத்தைந்து வயதுக்காரர், மரியாதையானவர். நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். லூர்துமேரி கதவோரம் நின்றார். நான் நடந்ததைச் சொல்லி, மக்கில் நிற்கிற முளையின் படத்தைக் காட்டினேன். “வேர்ல உயிர் இருக்குதுங்க. அவங்க சொன்னது அத்தனையும் நிஜம். பொய் சொன்னது நான்தான்” என்றேன்.

அவர் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“ஒரு செடிக்குப் போயி சிதம்பரத்துலேர்ந்து வந்தீங்களா மேடம்? வுடுங்க, ஆசையில எடுத்துட்டீங்க. எங்க அம்மாவும் டீச்சர்தான், அவுங்களும் இப்படித்தான். எங்க போனாலும் ஒரு குச்சி ஒடிக்காம வர மாட்டாங்க. காபி சொல்லவா?”

வாசல் பலகையில் எழுதியிருந்த நடவடிக்கை எனக்கு இப்படிக் காபியாக வந்தது. இதே முளையை லூர்துமேரி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தால் மேனேஜர் சிரித்திருப்பாரா என்று யோசித்தேன். கதவோரம் நின்றவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

“காபி வேண்டாங்க. நீங்க அவங்களைப் பொய் சொல்றாங்கன்னு சொல்லிட்டீங்க” என்றேன்.

மேனேஜருக்குச் சங்கடமாகிவிட்டது. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து வைத்தார். கதவுப் பக்கம் திரும்பி, “சரி லூர்து, ஐப்பசி மழை முடியட்டும். அது வரைக்கும் கல்லு போட வேணாம்னு சொல்லிடுறேன். அதுக்குள்ள வரலன்னா என்னைக் கேக்கக் கூடாது” என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. லூர்துமேரி அதை எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

“ஒரு மழைதான் இருக்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வெளியே நடந்தார். முதல் முளை வர இரண்டு மழை ஆயிற்று.

நான் பின்னாலேயே போனேன். அவர் பானையை நகர்த்தி வைத்துவிட்டு, சின்ன மண்வெட்டியால் அடிக்கட்டைக்கு இன்னொரு பக்கம் மண்ணை விலக்கினார். விரல் தடிமனில் ஒரு வேர் தெரிந்தது. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து அதன் மேல்தோலைக் கீற ஆரம்பித்தார். கீறுகிற இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி, வேர் வெளிச்சத்துக்குப் பக்கமாக இருக்கிற இடத்தில் கீறலாம் என்று தோன்றியது. உதவியாகவும் இருக்கும் என்று நினைத்து, குனிந்து, வேரைப் பிடிக்கக் கை நீட்டினேன்.

“நீங்க கை வெக்காதீங்கக்கா.”

கோபமாகச் சொல்லவில்லை. சூடான பாத்திரத்துப் பக்கம் போகிற குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நான் கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் கீறி முடித்து, மண்ணைத் தள்ளி, தண்ணீர் ஊற்றி, பானையைக் கவிழ்க்கும்வரை அப்படியே நின்றேன். பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்களுக்கு நேரமாவல?” என்று கேட்டார்.

ஊருக்கு வந்து மகளுக்குச் சான்றிதழை அனுப்பிவிட்டேன். குழுவில் நடந்ததை எழுதினேன். மூன்று பேர் ‘விடுங்கக்கா’ என்று போட்டார்கள், மற்றவர்கள் பேச்சை ரோஜா உரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஐப்பசி வந்தது. கடலூரில் தெருவெல்லாம் தண்ணீர் என்று டிவியில் காட்டினார்கள். கார்த்திகையும் முடிந்துவிட்டது. முளைத்ததா, கல் பதித்துவிட்டார்களா என்று தெரியவில்லை. ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். கேட்டால் லூர்துமேரி உள்ளதை உள்ளபடி சொல்லுவார். அவர் என்னைக் கேட்டபோது நான் சொன்ன பதில் நினைவுக்கு வரும், எண்ணை எடுத்துவிட்டுப் போனைக் கீழே வைத்துவிடுவேன்.